'லைன் இல்ல' என்றால் எங்கே அறுந்திருக்கிறது?



"டீச்சர், லைன் இல்ல." பினாங்கில் இதை ஒரு வாரத்தில் எத்தனை முறை கேட்கிறோம்! சாதாரண நாளில் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் காலையில் கேட்டால் வயிற்றைக் கலக்கும். முடிவைக் குறுஞ்செய்தி வழி கேட்டுப் பெறும் வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. சில சேவைகள் இன்றும் டேக் எண்ணைக் குறுஞ்செய்தியில்தான் அனுப்புகின்றன. அந்த நேரத்தில் திறன்பேசி வெறும் கண்ணாடிப் பலகையாக நின்றால் என்ன செய்வது?

பலர் செய்வது, கொம்தார் பக்கம் ஏதாவது ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது. அதில் தப்பில்லை. ஆனால் 'லைன் இல்ல' என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. திறன்பேசி, அதற்குள் இருக்கும் சிம், அந்த எண்ணுக்குரிய கணக்கு, பக்கத்தில் இருக்கும் கோபுரம், அந்தக் கோபுரம் பேசும் தலைமுறை (2ஜி, 4ஜி, 5ஜி) என ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. எந்தக் கண்ணி அறுந்தாலும் நாம் சொல்வது அதே இரண்டு சொல்தான். எது அறுந்தது என்று தெரியாமல் சிம்மை மாற்றுவதும், திறன்பேசியை முழுதாக அழித்துப் புதிதாக்குவதும் காசுக்கும் படங்களுக்கும் கேடு.

முதலில் திரையை வாசியுங்கள்

திரையின் மேல் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம்மில் பலர் திறன்பேசியை மலாய் மொழியில் வைத்திருப்போம். 'தியாடா பெர்கிட்மாத்தான்', அதாவது 'சேவை இல்லை' என்றிருந்தால், உங்கள் கருவி எந்தக் கோபுரத்தின் குரலையும் கேட்கவில்லை என்று பொருள். 'பங்கிலான் கெசெமாசான் சஹாஜா', அவசர அழைப்பு மட்டும் என்றிருந்தால் கதை வேறு. கருவிக்கு ஏதோ ஒரு கோபுரம் கேட்கிறது, ஆனால் உங்களைச் சாதாரண வாடிக்கையாளராக அது ஏற்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் அலை அந்த இடத்தில் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் அலை மட்டும் இருக்கலாம். அல்லது உங்கள் சிம்மோ கணக்கோ நிறுத்தப்பட்டிருக்கலாம். இந்த நிலையிலும் 999 அல்லது 112 அழைக்க முடியும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

'சிம் இல்லை' என்று வந்தால் கோபுரத்தைக் குறை சொல்ல வேண்டாம். அட்டை நகர்ந்திருக்கும், அழுக்கேறியிருக்கும், அல்லது செத்திருக்கும்.

கோடுகள் முழுதாக இருந்தும் இணையம் மட்டும் வராவிட்டால், டேட்டா முடிந்திருக்கலாம் அல்லது யாரோ டேட்டா பொத்தானை அணைத்திருக்கலாம். பெரும்பாலும் வீட்டுச் சின்னப் பிள்ளைகளின் கைவேலை.

இன்னொரு மயக்கம்: "வாட்ஸ்அப் வருதே, அப்ப லைன் இருக்குதானே?" இல்லை. வைஃபை இருந்தால் வாட்ஸ்அப் ஓடும், சிம் செத்துக் கிடந்தாலும் ஓடும். சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். சரியாகாவிட்டால் முழுதாக அணைத்துத் திறங்கள். இது மந்திரம் அல்ல. கருவி பழைய கோபுரத்தின் நினைப்பை விட்டுவிட்டு, "நான் இன்ன எண், என்னைச் சேர்த்துக்கொள்" என்று புதிதாகப் பதிவு கேட்கிறது. அதனால்தான் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடுகிறது. இரண்டு சிம் போடும் கருவியாக இருந்தால், அமைப்பில் அந்தச் சிம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

அறிவியல் ஆசிரியர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று தொடக்கப்பள்ளியிலிருந்து சொல்லித் தருகிறோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. உங்கள் சிம்மை வேறொரு நல்ல திறன்பேசியில் போடுங்கள். அங்கே லைன் வந்தால் சிம்மும் கணக்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு உங்கள் கருவியில். அங்கேயும் வரவில்லையா? இப்போது அந்த நண்பரின் சிம்மை உங்கள் கருவியில் போடுங்கள். வந்தால் உங்கள் கருவிக்குக் குறையில்லை. இரண்டு நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை. கடைக்காரர் முதலில் செய்யும் சோதனையும் இதுதான்.

நண்பரின் நிறுவனம் எது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'எனக்கும் லைன் இல்ல, அவனுக்கும் லைன் இல்ல, ஆகவே ஊருக்கே இல்ல' என்று முடிவு கட்டுவதற்கு முன் இது முக்கியம். டியூன் டாக், ரெட்ஒன் போன்றவை சொந்தக் கோபுரம் வைத்திருப்பவை அல்ல. பெரிய நிறுவனத்தின் கட்டமைப்பில் சவாரி செய்பவை. செல்கோமும் டிஜியும் 2022 நவம்பர் 30 அன்று இணைந்து செல்கோம்டிஜி ஆகிவிட்டன. பெயர் வேறாக இருந்தாலும் இரண்டு சிம்களும் ஒரே கோபுரத்தை நம்பியிருக்கலாம். ஒப்பிட வேண்டுமானால் உண்மையிலேயே வேறு கட்டமைப்பில் உள்ள ஒருவரைத் தேடுங்கள்.

வேறு கட்டமைப்பில் அலை இருந்து, உங்கள் கட்டமைப்பில் மட்டும் அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் இல்லையென்றால், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் கட்டமைப்பு முழுவதுமே விழுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அன்றைக்கு எத்தனை முறை அணைத்துத் திறந்தாலும் எதுவும் நடந்திருக்காது.

சிம்தான் காரணம் என்று தெரிந்தால், முதலில் கணக்கைப் பாருங்கள். ப்ரீபெய்டு எண்ணுக்குக் காலக்கெடு உண்டு. கிரெடிட் மிச்சமிருந்தாலும் நாள் முடிந்தால் அழைப்பு நிற்கும். இன்னும் தாமதித்தால் எண்ணே கைவிட்டுப் போகும். இரண்டாவது சிம்மில் பிள்ளையின் எண்ணை வைத்து மறந்துவிடும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளவும். நம் நாட்டில் ப்ரீபெய்டு எண்கள் 2006 முதல் அடையாள அட்டையோடு பதிவு செய்யப்படுகின்றன. எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடைக்குப் போக வேண்டியிருக்கும். அப்பா பெயரில் இருக்கும் எண்ணுக்கு மகன் மட்டும் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு நிலைமையில் மட்டும் பொறுமை கூடாது. சுற்றிலும் எல்லாருக்கும் லைன் இருக்கிறது, நேற்று வரை உங்களுக்கும் இருந்தது, திடீரென்று போனது, சிம்மை வேறு கருவியில் போட்டும் வரவில்லை. யாரோ உங்கள் பெயரில் மாற்றுச் சிம் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. புதிய சிம் உயிர்பெற்ற கணமே பழையது செத்துவிடும். வங்கியின் குறுஞ்செய்திகள் அந்த ஆளுக்குப் போகும். உடனே வேறொருவர் கைப்பேசியிலிருந்து உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். பணம் போயிருந்தால் 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் 997.

சுவரும் மலையும்

ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளை நினைத்துப் பாருங்கள். தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை நீண்டுகொண்டே போகும் இருட்டு. ஐந்தடி நடைபாதையில் முழுக்கோடு காட்டும் கருவி நடுவீட்டில் தடுமாறும். காற்றும் வெளிச்சமும் இறங்கும் திறந்த முற்றத்துக்கு வந்தால் மீண்டும் உயிர் வரலாம். இங்கே எதுவும் பழுதாகவில்லை. படிவம் 4 இயற்பியலில் படிக்கும் அலையின் விளிம்பு விளைவுதான் இது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 2600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 11.5 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து வரும், சுவருக்குள்ளும் கூடுதலாகப் புகும். குட்டை அலை வேகமான இணையத்தைச் சுமக்கும், ஆனால் சுவரைக் கண்டால் திணறும்.

மலைக்கும் அதே கதை. பினாங்குத் தீவின் நடுவில் 800 மீட்டருக்கு மேல் எழும் மலைத்தொடர், நகரத்தையும் பாலிக் பூலாவையும் பிரிக்கிறது. தெலுக் பஹாங்கிலிருந்து மலை வளைவுகளில் போகும்போது ஒரு வளைவில் இருக்கும் லைன் அடுத்த வளைவில் மறைந்தால், கருவியைத் திட்டிப் பயனில்லை.

கோடுகளை முழுதாக நம்பவும் வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை அந்தந்தத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஆண்ட்ராய்டில் 'தொலைபேசி பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் அளவு தெரியும். 4ஜிக்கு மைனஸ் 80 நல்ல அளவு, மைனஸ் 110 பலவீனம், மைனஸ் 120 அருகே போனால் அறுந்துவிடும். பத்து எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது. ஆக, 80க்கும் 110க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு. கணித ஆசிரியர்கள் மடக்கைக்கு உதாரணம் தேடினால் இதோ பையிலேயே இருக்கிறது.

வீட்டுக்குள் அலை எப்போதுமே பலவீனம் என்றால், வைஃபை வழி அழைப்பு வசதியை அமைப்பில் இயக்கிப் பாருங்கள். உங்கள் நிறுவனமும் கருவியும் இரண்டுமே அதை ஆதரித்தால் சுவர் ஒரு பிரச்சினையே இல்லை.

2021இல் மூடிய கதவு

2020 ஜூனில், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், சபாவின் பித்தாஸ் வட்டாரத்துப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தேர்வு எழுதுவதற்காக ஒரு நாள் முழுவதும் மரத்தின் மேல் இருந்த காணொளியை நாடே பார்த்தது. அவருடைய கருவியில் குறையில்லை, கண்ணிக்கு மறுமுனையில் கோபுரம்தான் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. (மலாயின் ஜெண்டேலாவும் நம் சன்னலும் போர்த்துகீசியத்தின் 'ஜனேலா' வழி வந்த உறவுக்காரச் சொற்கள். தமிழாசிரியர்களுக்கு ஓர் இலவச இணைப்பு!)

அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக, 2021 டிசம்பர் 31க்குள் நாடு முழுவதும் 3ஜி சேவை மூடப்பட்டது. அந்த அலைவரிசை 4ஜிக்குத் திருப்பிவிடப்பட்டது. 2ஜி மட்டும், பழைய பொத்தான் கைப்பேசிகளின் குரல் அழைப்புக்காக, விட்டுவைக்கப்பட்டது. நல்ல முடிவுதான் என்பது என் கருத்து. ஆனால் அலமாரியிலிருந்து பழைய கருவியை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் வீடுகளில் இதன் பின்விளைவை இன்னும் பார்க்கலாம்.

4ஜி பிறந்தபோதே தரவுக்காகப் பிறந்தது. தொடக்கத்தில் அதில் குரல் அழைப்பு போகவில்லை. மணி அடித்தால் கருவி சட்டென்று 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி, பேசி முடித்துவிட்டு மீண்டும் 4ஜிக்கு ஏறும். 4ஜியிலேயே குரலை அனுப்பும் முறைக்கு வோல்ட்இ என்று பெயர். இப்போது 3ஜி என்ற நடுப்படி இல்லை. வோல்ட்இ இல்லாத, அல்லது அணைக்கப்பட்ட கருவி நேராக 2ஜிக்குக் குதிக்க வேண்டும். அங்கே 2ஜி பலவீனமாக இருந்தால் இணையம் நன்றாக ஓடும், அழைப்பு மட்டும் போகாது. "வாட்ஸ்அப் போகுது, கால் மட்டும் போகல" என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அமைப்பில் வோல்ட்இ பொத்தானைத் தேடி இயக்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் 'ஏபி செட்' எனப்படும் வெளிநாட்டு இறக்குமதிக் கருவிகளில், நம் நாட்டு நிறுவனங்களுக்கான வோல்ட்இ இல்லாமல் போகலாம். வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

பேட்டரி மிச்சமாகட்டும் என்று முன்பு கட்டமைப்பு முறையை '3ஜி மட்டும்' என்று மாற்றி வைத்தவர்களும் உண்டு. அந்தக் கருவி இப்போது இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கும். தானியங்கித் தேர்வுக்கு மாற்றினால் தீர்ந்தது. நிறுவனத் தேர்வையும் தானியங்கியிலேயே வையுங்கள்.

கடைசிக் கட்டம்

இதுவரை எதுவும் பலிக்காவிட்டால், 'கட்டமைப்பு அமைப்புகளை மீட்டமை' என்பதை அழுத்தலாம். படங்கள் போகாது, ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும். பள்ளியின் கடவுச்சொல்லை முதலில் எழுதி வையுங்கள். இ-சிம் பயன்படுத்துபவர்கள் 'இ-சிம்மை அழி' என்ற வரியில் கை வைக்க வேண்டாம். அழித்தால் நிறுவனத்திடமிருந்து மறுபடியும் பெற வேண்டும், முடிவு வரும் காலையில் அதற்கு நேரம் இருக்காது.

இரண்டு வேறு சிம்களையும் ஏற்காத கருவிக்குப் பழுதுபார்ப்பவர்தான் கதி. மழையில் நனைந்ததா, கீழே விழுந்ததா என்று அவர் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமலும் நடக்கும்: 2018 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம், சில ஐபோன் 7 கருவிகளின் மதர்போர்டில் ஒரு பாகம் பழுதாகி 'சேவை இல்லை' என்று காட்டுவதாக ஒப்புக்கொண்டு, சில நாடுகளில் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை.

கோபுரம்தான் காரணம் என்று உறுதியானால் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். 'லைன் இல்ல' என்று மட்டும் எழுதினால், அணைத்துத் திறக்கச் சொல்லி ஒரு பதில் வரும். இடத்தின் முழு முகவரி, நாள், நேரம், டிபிஎம் அளவு, கருவியின் மாடல், வேறு கருவியில் சிம்மைச் சோதித்த விவரம் ஆகியவற்றோடு எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், எம்.சி.எம்.சி. என்று நாம் சொல்லும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் கொண்டுபோகும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.