தேநீர்ச்சாலைக்கு ஒரு முகம்

கடைக்காரன் வாய் திறக்குமுன்பே அவனுடைய பெயர்ப்பலகை பேசத் தொடங்கிவிடுகின்றது. அதில் எழுதப்பட்ட எழுத்தின் வடிவும், பூசப்பட்ட வர்ணமும், வாயிற்கதவின் அமைப்பும், உள்ளே கிடக்கும் நாற்காலியும், மேசைமேல் வைக்கப்படும் கிண்ணமும் ஒன்றுசேர்ந்து அக்கடை எத்தகையது என்பதை வீதியிற் செல்வோனுக்கு அறிவித்துவிடுகின்றன. இவ்வுண்மையை மாணவர் உணரவேண்டும் என்பதற்காகவே, வடிவமைப்புக் கலையைக் கற்பிக்கும் கல்லூரிகளில் இக்காலத்தில் ஒரு பயிற்சி அளிக்கப்படுகின்றது. தம் ஊரிலுள்ள தேநீர்ச்சாலை ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்குப் புதிய பெயர்ப்பலகை, சின்னம், உணவுப் பட்டியல், கிண்ணம், பொதி ஆகியவற்றை ஒரே நோக்குடன் அமைத்துக் காட்டுதலே அப்பயிற்சியாகும்.

இதைக் கேட்போர் சிலர், “வர்ணம் பூசினால் தேநீருக்குச் சுவை கூடுமா?” என்று வினவுவதுண்டு. வினா நியாயமானதே. அதற்கு விடை காண்பதற்கு, ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஸ்கொத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் நிகழ்ந்த ஒரு முயற்சியை ஆராய்தல் தக்கது. ஒரு வணிகப் பெண்மணியும், அந்நகரத்து ஓவியக் கலாசாலையிற் பயின்று வெளிவந்த இளைஞர் சிலரும் கூடி, தேநீர்ச்சாலைக்கு ஒரு முகத்தை ஆக்கிய வரலாறு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளாஸ்கோ கப்பல் கட்டும் தொழிலாலும் இரும்புத் தொழிலாலும் பெருகி வளர்ந்த நகரமாகும். செல்வம் பெருகியவாறே புகையும் பெருகிற்று, குடியும் பெருகிற்று. உழைத்துக் களைத்தவன் இளைப்பாறுதற்கு மதுக்கடையைவிட வேறிடம் அரிதாயிருந்தது. மதுவிலக்கு இயக்கத்தார் மேடைதோறும் குடியின் கேட்டை எடுத்துரைத்தனர். ஆயினும், குடியைக் கைவிட்டவன் மாலைப்பொழுதில் எங்கே போய் அமர்வது என்ற கேள்விக்கு உபதேசம் மாத்திரம் விடையாகாதன்றோ? பெண்களின் நிலை இன்னும் இடர் மிக்கது. கடைவீதிக்கு வந்த குடும்பப் பெண்ணொருத்தி துணையின்றித் தனியே அமர்ந்து ஒருவாய் உண்பதற்குக் கண்ணியமான இடம் அருமையாகவே இருந்தது.

இந்நிலையில், ஸ்டூவேட் கிரான்ஸ்டன் என்னும் தேயிலை வணிகர் 1875ஆம் ஆண்டில் தம் கடையிலே சில மேசைகளை இட்டு, தேநீரைக் கிண்ணக் கணக்கில் விற்கத் தொடங்கினார். தேயிலை வாங்க வருவோர் சுவைத்துப் பார்ப்பதற்கு அளித்த தேநீரே பின்னர் விலைப்பொருளாயிற்று. அவருடைய தங்கையான கேற் கிரான்ஸ்டன் அம்மையார் (1849-1934) இதில் மறைந்து கிடந்த வாய்ப்பை இன்னும் தெளிவாகக் கண்டார். 1878ஆம் ஆண்டில், ஆகைல் வீதியில் மதுவற்ற விடுதியொன்றின் கீழ்த்தளத்திலே அவர் தம் முதற் சாலையைத் திறந்தார். 1886ஆம் ஆண்டில் இங்கிராம் வீதியில் இரண்டாவது சாலை எழுந்தது.

அம்மையார் தம் வணிகத்தின் முகத்தைத் தாமே நன்கு அறிந்திருந்தார். 1892ஆம் ஆண்டில் ஜோன் கொக்கிறேன் என்பாரை மணந்த பின்னரும், தம் சாலைகளை ‘மிஸ் கிரான்ஸ்டன்’ என்ற பழைய பெயராலேயே நடத்திவந்தார். மக்கள் மனத்திற் பதிந்த பெயரை மாற்றுதல் தேடிய செல்வத்தை வீதியில் எறிதல் போலாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். உடையிலும் தமக்கென ஒரு தனித்தன்மையைப் பேணினார். நாகரிகம் பலமுறை மாறிய பின்னும் தம் இளமைக் காலத்து அகன்ற பாவாடைக் கோலத்தையே அணிந்துவந்தமையால், கூட்டத்திற் கண்டாலும் அவரை எவரும் இனங்கண்டு கொள்வர்.

இனி, ஓவியக் கலாசாலையின் பக்கம் திரும்புவோம். 1885ஆம் ஆண்டில் கிளாஸ்கோ ஓவியக் கலாசாலைக்குத் தலைவராக வந்த பிரான்சிஸ் நியூபெரி, மாணவரின் சொந்தக் கற்பனைக்கு இடங்கொடுத்த ஆசிரியர். பகலில் கட்டடக் கலைஞரிடம் தொழில் பயின்று, மாலை வகுப்புகளில் ஓவியம் கற்ற சாள்ஸ் றெனி மக்கின்டொஷ் (1868-1928) என்ற இளைஞரும், அவருடன் தொழில் புரிந்த ஹேபேட் மக்நெயரும், பகல்நேர மாணவியரான மாகிரற், பிரான்செஸ் மக்டொனால்ட் என்ற சகோதரியரும் அங்கே ஒரு குழுவாயினர். நீண்டு மெலிந்த பெண்ணுருவங்கள், ரோசா மலர், கொடி, பறவை என்பவற்றை வளைகோடுகளில் இணைத்து அவர்கள் வரைந்த சுவரொட்டிகளைக் கண்ட நகர மக்கள் திகைத்தனர். சிலர் அவர்களைப் ‘பேய்ப் பள்ளியார்’ என்று எள்ளி நகையாடினர். பலர் நகைத்த அக்கலையையே தம் கடைக்கு முகமாக ஏற்கக் கேற் அம்மையார் துணிந்தார். பொருள் முதலிட்டு வணிகம் செய்யும் ஒருவர் இவ்வாறு துணிவது எளிய செயலன்று.

அத்துணிவும் ஒரே பாய்ச்சலாக அமையவில்லை. 1896-97ஆம் ஆண்டுகளில் புக்கனன் வீதிச் சாலையின் அறைகளையும் தளபாடங்களையும் ஜோர்ஜ் வோல்ற்றன் என்பவரே அமைத்தார். மக்கின்டொஷுக்குக் கிடைத்தவை சுவர்ச் சித்திரங்கள் மாத்திரமே. ரோசாக் கொடிகள் சூழ்ந்த பெண்ணுருவங்களை அச்சுத்தகடு வைத்து வர்ணமிடும் முறையால் அவர் சுவர்களில் தீட்டினார். 1898ஆம் ஆண்டளவில் ஆகைல் வீதிச் சாலை புதுப்பிக்கப்பட்டபோது தளபாடங்கள் அவர் பொறுப்பாயின. அவற்றுள் ஒன்றே, நெடிய முதுகும், அதன் உச்சியில் நீள்வட்டப் பலகையும், அப்பலகையிற் பறவை வடிவாக வெட்டிய துளையும் கொண்ட நாற்காலியாகும். இன்று உலகின் நூதனசாலைகள் போற்றும் அந்த நாற்காலி, பகலுணவு உண்ண வந்தோர் அமர்வதற்காகச் செய்யப்பட்டதே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1900ஆம் ஆண்டில், இங்கிராம் வீதிச் சாலையின் வெண்ணிற அறை முழுவதும் மக்கின்டொஷிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மாகிரற் அவருக்கு மனைவியானார். சுதையாற் செய்த இரு நெடும் சித்திரப் பலகைகள் அவ்வறையில் எதிரெதிரே இடம்பெற்றன. ஒன்று கணவர் ஆக்கியது, மற்றையது மனைவி ஆக்கியது. தம் பணிகளில் மாகிரற்றின் பங்கு பாதிக்கு மேற்பட்டது என மக்கின்டொஷ் பிற்காலத்தில் அவருக்கு எழுதிய கடிதமொன்றிற் குறித்துள்ளார்.

இம்முயற்சியின் முடிமணியாக விளங்குவது 1903ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சோக்கிஹோல் வீதியில் திறக்கப்பட்ட ‘வில்லோ’ தேநீர்ச்சாலையாகும். ‘வில்லோ’ என்பது நீர்க்கரைகளில் வளரும் ஒருவகை மரம். நீண்டு ஒடுங்கிய அதன் இலைகளும் தாழ்ந்து வளையும் கொம்புகளும் கண்ணுக்கு இனியவை. அப்பெயர் எங்கிருந்து வந்தது? வீதியின் பெயரிலேயே அது புதைந்து கிடந்தது. ஸ்கொத்லாந்து மக்களின் பழைய பேச்சுவழக்கில் ‘சோக்கிஹோல்’ என்பதற்கு வில்லோ மரங்கள் நிற்கும் தாழ்நிலம் என்பது பொருள். மரங்கள் அழிந்து கட்டடங்கள் மலிந்த பின்னும் சொல் எஞ்சியிருந்தது. இடத்தின் மறந்துபோன நினைவை மீட்டெடுத்து, அதையே கடையின் பெயராகவும், சின்னமாகவும், அலங்காரமாகவும் ஆக்கினர்.

பெயர் ஒன்று கிடைத்தபின் ஏனையவை எல்லாம் அதைப் பின்பற்றின. ஏற்கெனவே நின்ற கட்டடமொன்றுக்கு வெண்ணிறமான, மெல்ல வளைந்த புதிய முகப்பு அமைக்கப்பட்டது. கற்கட்டடங்கள் நிறைந்த வீதியில் அது தனித்து ஒளிர்ந்தது. உள்ளே கீழ்த்தளத்தின் முற்பகுதி பெண்களுக்கான தேநீர் அறை. பிற்பகுதி பகலுணவு அறை. மேற்றளங்களில் ஆடவர் புகைபிடிப்பதற்கும் பிலியட் ஆடுவதற்குமான அறைகள். முதலாம் மாடியில், வீதியை நோக்கிய நீண்ட சாளரத்துடன் அமைந்த சிறப்பறை எல்லாவற்றிலும் எழில் வாய்ந்தது. வெள்ளி வர்ணம் பூசிய நெடுமுதுகு நாற்காலிகள், ஊதா நிறத் துணி, சுவரைச் சுற்றி வரிசையாகப் பதித்த கண்ணாடித் துண்டுகள், ஈயப் பட்டிகளால் இணைத்த வர்ணக் கண்ணாடிக் கதவுகள் என்பன அங்கே ஒரே சுருதியில் இசைந்தன. கவிஞர் றொசெற்றி வில்லோவனத்தைப் பற்றிப் பாடிய பாட்டொன்றைத் தழுவி மாகிரற் ஆக்கிய சுதைச் சித்திரம் அவ்வறையின் சுவரை அலங்கரித்தது. கரண்டி, முட்கரண்டி முதலியவற்றுக்கும் மக்கின்டொஷ் வடிவம் வகுத்தார். பரிமாறும் பெண்களின் வெண்ணிற உடையும் கழுத்திற் பூண்ட மணிமாலையுங்கூட அவ்வமைப்பின் அங்கங்களாயின. 1911ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடைபெற்ற பொருட்காட்சியில் அம்மையார் நடத்திய சாலையொன்றுக்கு மாகிரற் வரைந்த உணவுப் பட்டியல் அட்டை, அச்சுக் கலைக்கும் தேநீர்ச்சாலைக்கும் ஏற்பட்ட உறவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மைகள் சிலவற்றைத் தொகுத்து நோக்குவோம். முதலாவது, அடையாளம் என்பது பலகையில் எழுதிய சித்திரத்தோடு முடிவதில்லை. இலையின் ஒடுங்கிய வடிவம் கதவிலும், கண்ணாடியிலும், நாற்காலியிலும் திரும்பத் திரும்பத் தோன்றியதனாலேயே அது காண்போர் நெஞ்சில் வேரூன்றியது. இரண்டாவது, பொருத்தமான பெயரும் சின்னமும் அந்த இடத்திலேயே கிடைக்கும். தூர தேசத்து மாதிரிகளைப் பார்த்து எழுதும் மாணவனைவிட, வீதியின் பெயருக்குப் பொருள் என்னவென்று முதியோரிடம் கேட்டறியும் மாணவனே வெற்றி காண்பான். மூன்றாவது, அழகு ஒரு தேவையை நிறைவேற்ற வேண்டும். கிளாஸ்கோப் பெண்கள் அச்சமின்றி உட்புகுந்து அமர்வதற்கு அவ்வெண்ணிற முகப்பு ஓர் அழைப்பாயிருந்தது. மதுக்கடையின் இருண்ட வாயிலுக்கு எதிரே ஒளி மிகுந்த ஒரு வாயிலைத் திறந்து வைத்தமையே அதன் பெரும் பணி. நான்காவது, உள்ளீடு சிறவாதவிடத்துப் புறத்தோற்றம் நிலைக்காது. அம்மையாரின் சாலைகளில் துப்புரவும் உணவின் தரமும் கண்டிப்பாகப் பேணப்பட்டன. வர்ணம் தேநீருக்குச் சுவையூட்டாது என்பது உண்மையே. ஆயின் நல்ல தேநீர் இங்கே கிடைக்கும் என்ற வாக்குறுதியை அது அளிக்கின்றது. அவ்வாக்குறுதியைக் கிண்ணம் காப்பாற்ற வேண்டும்.

அச்சாலைகளின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. மக்கின்டொஷ் 1914ஆம் ஆண்டில் கிளாஸ்கோவை விட்டு நீங்கினார். 1917ஆம் ஆண்டில் கணவரை இழந்த கேற் அம்மையார் வணிகத்திலிருந்து விலகினார். 1934ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, தம் செல்வத்திற் பெரும் பங்கை நகரத்து ஏழைகளுக்கே விட்டுச் சென்றார். வில்லோக் கட்டடம் பெரிய புடைவைக் கடையொன்றின் பகுதியாக நெடுங்காலம் கிடந்தது. இங்கிராம் வீதிச் சாலையின் உள்ளமைப்புகள் 1971ஆம் ஆண்டில் கழற்றப்பட்டுச் சேமிப்பறைகளில் வைக்கப்பட்டன. அவற்றுள் ஓர் அறை, 2018ஆம் ஆண்டில் டண்டி நகரிற் புதிதாகத் திறக்கப்பட்ட நூதனசாலையில் மீண்டும் பொருத்தி வைக்கப்பட்டுள்ளது. வில்லோச் சாலையும் நுணுக்கமாகப் புதுப்பிக்கப்பட்டு அதே ஆண்டில் மறுபடியும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அழிந்தொழிந்தது என எண்ணப்பட்ட அழகை மீட்டெடுக்க ஒரு நகரம் முன்வந்ததாயின், அவ்வழகு மக்கள் வாழ்வோடு கலந்திருந்தமையே காரணமாகும்.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜேம்ஸ் டெயிலர் என்பவரே 1867ஆம் ஆண்டில் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டு, அதனை இத்தீவின் பெருந்தொழிலாக்க வழிகாட்டியவர். கோப்பிச் செடிகளை நோய் அழித்தபின் மலைச்சாரல்கள் எங்கும் தேயிலை பரவிற்று. கிளாஸ்கோவிலே 1871ஆம் ஆண்டில் ஒரு சிறு பலசரக்குக் கடையோடு தொழில் தொடங்கிய தோமஸ் லிப்டன், 1890ஆம் ஆண்டில் இலங்கை வந்து ஊவாவிலே தோட்டங்களை வாங்கினார். நிறுத்துக் கொடுக்கும் உதிரித் தேயிலைக்குப் பதிலாக, பெயர் அச்சிட்ட பொதிகளில் அளவாக அடைத்து அவர் விற்றார். கேற் அம்மையார் சாலைக்குச் செய்ததை லிப்டன் பொதிக்குச் செய்தார் எனலாம்.

பொதியின்மேல் அச்சிட்ட சித்திரங்களிலே கொழுந்து பறிக்கும் பெண்கள் புன்னகை பூத்தவாறு நின்றனர். தென்னிந்தியாவிலிருந்து வந்து காடு வெட்டி மலையைத் திருத்திய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், காற்றும் ஒளியும் குன்றிய லயன் அறைகளில் வாழ்ந்த வாழ்வு அச்சித்திரங்களில் இடம்பெறவில்லை. சின்னம் ஒன்றை வரையும் இளைஞர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவாகும். கோடும் வர்ணமும் உண்மையைக் காட்டவும் வல்லன, மறைக்கவும் வல்லன. இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரிய சிங்கச் சின்னம், இந்நாட்டிலேயே பொதிசெய்யப்பட்ட கலப்பற்ற இலங்கைத் தேயிலைக்கு மாத்திரமே அனுமதிக்கப்படுகின்றது. சிறியதொரு சித்திரம் ஒரு நாட்டின் நாணயத்துக்கு உத்தரவாதமாக நிற்பதற்கு இது சான்றாகும்.

ஆகவே, தம் ஊர்த் தேநீர்ச்சாலைக்குப் புதுமுகம் ஆக்கப் புகும் மாணவன், தூரிகையை எடுக்குமுன் அச்சாலையில் ஒருநாள் முழுதும் அமர்ந்திருத்தல் நன்று. யார் வருகின்றனர், யார் வரத் தயங்குகின்றனர், கடைக்காரன் எதிற் பெருமை கொள்கின்றான், தேயிலை எந்த மலையிலிருந்து வருகின்றது, அதைப் பறித்த கைகள் எவை என்பவற்றை அவன் கேட்டறிய வேண்டும். அவ்வாறு அறிந்தபின் அவன் வரையும் ஒரு கோடும் ஓரிலையும், அக்கடைக்கு மட்டுமன்றி அவ்வூருக்கும் உரிய முகமாக நின்று நிலைக்கும்.