வழிநடையும் தூய்மையும்

ஊர்திகள் பெருகிய இக்காலத்தும் நெடுந்தொலைவைக் கால்நடையாகவே கடக்க விரும்புவோர் உலகெங்கும் உளர். மலையின் அழகையும் காட்டின் அமைதியையும் உள்ளவாறு அறிய வேண்டுமாயின் நடந்து செல்லுதலே தக்க வழி என்பது அவர்தம் கருத்து. அவ்வாறு பல நாள் நடப்போர், கூடாரம், போர்வை, உணவு, சமையற்கலம், மாற்றுடை ஆகிய யாவற்றையும் ஒரு பையில் அடைத்து முதுகில் சுமந்து செல்வர். காலையில் இலேசாகத் தோன்றிய பை மாலையில் தோளை அழுத்தும். ஆதலால், எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்பதே அவர்கள் முதற்கண் செய்ய வேண்டிய ஆராய்ச்சியாகும். இவ்வாராய்ச்சியில் பலர் விட்டுவிட எண்ணுவன சோப்பு, துண்டு முதலிய தூய்மைப் பொருள்களே. காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர்கள் கூறும் காரணம். இக்காரணம் பொருந்துமா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

நடைப்பயணத்திற்குப் பெயர் பெற்ற வழிகளுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள அப்பலாச்சியன் நெடும்பாதையாகும். இப்படி ஒரு பாதை வேண்டும் என்னும் கருத்தைப் பென்டன் மெக்காய் என்பவர் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொண்டர் பலரின் உழைப்பால் அது 1937-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. தெற்கே ஜியார்ஜியா மாநிலத்தில் தொடங்கி வடக்கே மெயின் மாநிலத்தில் முடியும் இப்பாதை, 14 மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்கின்றது. இதனை முழுவதும் நடந்து முடிக்கப் பெரும்பாலோர்க்கு ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். வழிநெடுக, இரவில் தங்குவதற்கென 250-க்கு மேற்பட்ட குடில்கள் உள்ளன. அவற்றுள் பல, மூன்று புறம் சுவரும் ஒரு புறம் திறப்பும் உடைய எளிய மரக்குடில்கள்.

சுமையைக் குறைத்து நடப்பதற்கு இப்பாதையில் வழிகாட்டியவருள் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டியார் ஒருவர். 1955-ஆம் ஆண்டில், தம் 67-ஆம் வயதில், அவர் தனியாக இப்பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அவ்வாறு செய்த முதற் பெண்மணி அவரே. அவர் தோளில் தொங்கியது தம் கையால் தைத்த ஒரு துணிப்பை. காலில் இருந்தது துணிக்காலணி. மழைக்கு உதவியது ஒரு பிளாஸ்டிக் திரை. நெடும்பயணத்திற்குப் பெருஞ்சுமை வேண்டியதில்லை என்பதை அவர் உலகிற்குக் காட்டினார். இன்று சிலர் பல் துலக்கும் தூரிகையின் காம்பைக்கூட வெட்டிக் குறைத்து எடுத்துச் செல்கின்றனர். இது நகைப்பிற்குரியதன்று, இத்தகைய சிறு குறைப்புகள் பல சேர்ந்தே சுமையைக் குறைக்கின்றன. ஆனால் சுமையைக் குறைத்தல் வேறு; தூய்மையைக் குறைத்தல் வேறு. தூரிகையின் காம்பை வெட்டலாம். பல் துலக்குதலை வெட்டலாகாது.

தூய்மையைக் குறைத்தால் விளைவது யாது? 1997-ஆம் ஆண்டில் இந்நெடும்பாதையில் ஒரு வாரத்திற்குக் குறையாமல் நடந்த 300-க்கு மேற்பட்டோரைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சி ஒன்று நிகழ்த்தப்பட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றுப்போக்கினால் துன்புற்றனர். அதனினும் மிகுதியானோர் காற்கொப்புளங்களால் வருந்தினர். ஓடைநீரைத் தூய்மை செய்யாது அடிக்கடி பருகியோர்க்கு வயிற்றுநோய் மிகுதியாக வந்தது. மலம் கழித்தபின் தவறாது கைகழுவி, சமையற்கலங்களையும் முறையாகத் துலக்கியோர்க்கு அந்நோய் குறைவாகவே வந்தது. மருத்துவமனை இல்லாத மலைநடுவே வயிற்றுநோய் வருமாயின், உடலின் நீர் வற்றும், நடை தளரும், பல மாதம் திட்டமிட்ட பயணம் பாதிவழியில் முடிந்துவிடும். ஆகவே, தூய்மை என்பது காட்டில் அழகிற்காக அன்று. நடக்கும் ஆற்றலைக் காத்துக்கொள்வதற்காகவே ஆகும்.

தூய்மைகளுள் முதலாவது கைத்தூய்மை. நோய் வந்தவுடன் மக்கள் ஓடைநீரையே குறைகூறுவர். தம் கையைக் குறைகூறார். ஒரே குடிலில் பலர் தங்கி, ஒரே உணவுப்பையில் கைவிட்டுப் பகிர்ந்து உண்ணுமிடத்து, ஒருவர் கையிலுள்ள நோய்க்கிருமி அனைவர் வயிற்றிலும் சென்று சேரும். இதனைத் தடுக்கப் பொருள் ஒன்றும் மிகுதியாக வேண்டியதில்லை. சிறு குப்பியில் சோப்புநீரும், கை நனையச் சிறிது தண்ணீரும் போதும். இருபது விநாடி நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அறுபது விழுக்காட்டிற்குக் குறையாத ஆல்கஹால் கலந்த கைத்தூய்மைக் குழம்பும் பயன்படும். எனினும், மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் அதன் ஆற்றல் குன்றும். கடுமையான வயிற்றுநோயை உண்டாக்கும் நோரோ வைரஸை அது நன்கு அழிப்பதில்லை. ஆதலின் சோப்பின் இடத்தை அது முற்றும் நிரப்பாது. பிறர்க்கு உணவு வழங்கும்போது பையை நீட்டாமல், அவர் கையில் கொட்டிக் கொடுத்தல் நன்று. இவ்வொழுக்கத்திற்கு எடையே இல்லை.

அடுத்தது நீர்த்தூய்மை. தெளிந்து ஓடும் நீரெல்லாம் தூய நீரன்று. கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களும், ஜியார்டியா போன்ற ஓரணு உயிர்களும் பளிங்கு போன்ற ஓடையிலும் இருத்தல் கூடும். நீரை நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் இவை மடியும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், அங்கு மூன்று நிமிடம் கொதிக்கவிடல் வேண்டும். கையளவான வடிகட்டிகளும் இன்று உள்ளன. அவை பாக்டீரியாக்களையும் ஓரணு உயிர்களையும் தடுக்கும். ஆயினும் அவற்றுள் பல, மிகச் சிறியனவாகிய வைரஸ்களைத் தடுப்பதில்லை.

நீர் கெடுவதற்கு மனிதனே பெரிதும் காரணமாகின்றான். நெடும்பாதையின் குடில்கள் பலவற்றின் அருகில் கழிப்பிடங்கள் உண்டு. அவை உள்ளவிடத்து அவற்றையே பயன்படுத்துதல் கடமை. இல்லாதவிடத்து, நீர்நிலை, பாதை, தங்குமிடம் ஆகிய மூன்றிற்கும் 60 மீட்டருக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ எழுபது தப்படி தள்ளிச் சென்று, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டுதல் வேண்டும். கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணிலேயே மிகுதியாக வாழ்கின்றன. ஆதலின் மிக ஆழமாகத் தோண்டுதலும் பயனற்றது. வேலை முடிந்தபின் மண்ணிட்டு மூடுதல் வேண்டும். பயன்படுத்திய தாளைப் பையிலிட்டுத் திரும்பக் கொணர்வது சிறந்தது. இதற்கு வேண்டுவது உள்ளங்கையளவான ஒரு மண்வாரியே.

"கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது தமிழ்ப் பழமொழி. மலைவழியில் நாள்தோறும் குளித்தல் எளிதன்று. எனினும் பழமொழியின் கருத்தைக் கைவிட வேண்டியதில்லை. கைக்குட்டையளவான ஒரு துணியும் அரை லிட்டர் நீரும் இருப்பின் உடலைத் துடைத்துக்கொள்ளலாம். முகத்தில் தொடங்கி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று சென்று, பாதத்தில் முடித்தல் முறை. வியர்வை உலர்ந்து படிந்த உப்பு, நடக்கும்போது தோலை உராய்ந்து புண்ணாக்கும். இரவில் அதனைத் துடைத்தெடுத்தால் மறுநாள் நடை இனிதாகும். சோப்பு எத்தகையதாயினும் ஓடையில் இறங்கித் தேய்த்தல் தவறு. மண்ணில் மக்கும் சோப்பு என்று விற்கப்படுவதும், பெயருக்கேற்ப, மண்ணில்தான் மக்கும்; ஓடைநீரில் கரைந்தால் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு செய்யும். நீரை முகந்து 60 மீட்டர் தள்ளிச் சென்று கழுவுதலே முறை.

நடப்பவர்க்குக் காலே ஊர்தி. அதனைப் பேணாதவர் தொலைவு செல்லார். 1914-ஆம் ஆண்டில் தொடங்கிய முதல் உலகப் போரில், ஈரப் பதுங்குகுழிகளில் நின்ற போர்வீரர் பலரின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகின. மருந்தைக் காட்டிலும், உலர்ந்த காலுறைகளை மாற்றுவதும், பாதங்களை நாள்தோறும் சோதிப்பதுமே அந்நோயைத் தடுக்கப் பெரிதும் உதவின. வீரர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். வழிநடைக்கும் இப்பாடம் பொருந்தும். ஒரு காலுறை காலில் இருக்க, துவைத்த மற்றொன்று பையின் மேல் வெயிலில் உலரலாம். மாலையில் பாதத்தைக் கழுவி, துடைத்து, காற்றாட விட்டால் கொப்புளங்கள் பெரிதும் குறையும்.

நெடும்பாதையில் வேறு இரு எச்சரிக்கைகளும் உண்டு. அங்குள்ள புல்வெளிகளில் ஒருவகை உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. பாதை செல்லும் மாநிலங்களுள் ஒன்றாகிய கனெக்டிகட்டில் உள்ள ஓர் ஊரின் பெயரே அந்நோய்க்கு வழங்குகிறது. இளம் உண்ணி கசகசா விதையளவே இருக்கும். பொதுவாக, அது பல மணி நேரம் உடலில் ஒட்டியிருந்த பின்னரே நோய் பரவும். ஆதலால் நாள்தோறும் காதின் பின்புறம், அக்குள், முழங்காலின் பின்புறம் முதலிய இடங்களைச் சோதித்து, சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுத்தால் தீங்கு பெரும்பாலும் நீங்கும். மற்றொன்று கருங்கரடி பற்றியது. பற்பசை, சோப்பு ஆகியவற்றின் மணம் உணவின் மணம் போலவே அதனை ஈர்க்கும். ஆதலால் இவற்றைக் கூடாரத்தில் வைத்து உறங்காமல், உணவுடன் சேர்த்து மரக்கிளையில் உயரக் கட்டித் தொங்கவிடுவர். அல்லது கரடி திறக்க இயலாத பெட்டியில் வைப்பர்.

சோப்புக் குப்பி, துணி, மண்வாரி, தூரிகை, பற்பசை, சாமணம், மாற்றுக் காலுறை ஆகிய அனைத்தையும் சேர்த்து நிறுத்தாலும் அரைக் கிலோவிற்குள் அடங்கும். எஞ்சியவை யாவும் பழக்கங்களே. அவை முதுகில் ஏறுவதில்லை. ஒருவர் கைகழுவிய இடத்திற்குக் கீழே மற்றொருவர் நீர் முகக்கின்றார். ஒருவர் உறங்கிய குடிலில் மறுநாள் வேறொருவர் உறங்குகின்றார். முன் சென்றவர் யார் என்பதைப் பின் வருபவர் அறியார். ஆயினும் அவர் விட்டுச் சென்ற நீரையே பருகி, அவர் விட்டுச் சென்ற இடத்திலேயே தங்குவர். யாரும் பாராத காட்டிலும் தூய்மை பேணுபவர், தம்மைக் காத்துக்கொள்வதோடு, தாம் காணாத மனிதர்க்கும் நன்மை செய்பவர் ஆவர்.