உரும்பிராய்ப் பந்தலும் தோலகட்டிப் போத்தலும்: யாழ்ப்பாணம் வைன் நாடாகுமா?

இந்த ஆவணியில் கனடாவிலிருந்து மச்சாள் வந்திருந்தாள். 1996 இல் ஏழு வயதில் போனவள். நல்லூர்த் தேர், கசூரினாக் கடற்கரை, நெடுந்தீவு எல்லாம் பார்த்து முடித்த பிறகு ஒருநாள் காலைத் தேத்தண்ணியோடு கேட்டாள்: “இங்கை வைனரி ஒண்டும் இல்லையோ? பந்தலைப் பாத்திட்டு ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வாற மாதிரி?”

குசினிக்குள் இருந்து அம்மா இருமினார்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. கோடை வந்தால் நயாகரா நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிற கையோடு, வழியில் உள்ள திராட்சைத் தோட்டங்களிலும் இறங்குவார்கள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, சின்னக் கிளாசில் ஊற்றித் தந்து, விரும்பினால் போத்தல் விற்பார்கள். நூற்றாண்டுப் பழைய வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் நயாகராவின் இன்றைய வைன் தொழில், 1975 இல் இனிஸ்கிலின் என்ற சிறு நிறுவனத்துக்குக் கிடைத்த உரிமத்தோடுதான் தொடங்கியது. அம்மாவின் வயதைவிடக் குறைவு.

அப்படியானால் நல்ல முந்திரிகை விளைகிற யாழ்ப்பாணத்தில் ஏன் இல்லை? மச்சாளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். அலைந்ததில் விளங்கியதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாங்கள் முந்திரிகை என்றால் திராட்சை. தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்கள் கஜுவை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் வைன் செய்கிற இடம் இல்லாமல் இல்லை. தோலகட்டி என்றாலே வைனும் நெல்லி ரசமும்தான் எங்கள் ஆட்களுக்கு நினைவு வரும். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார், செபமாலைத் தாசர் சபையை 1928 இல் அங்கேதான் தொடங்கினார். மிசன் நாடுகளிலும் தியான வாழ்வுக்கான துறவற மடங்கள் வேண்டும் என்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1926 இல் எழுதியிருந்தார். அந்த அழைப்பை ஏற்று எழுந்த சபை இது. மௌனம், செபம், கைத்தொழில் என்பதுதான் அவர்களுடைய நாள். கத்தோலிக்கத் திருப்பலிக்கு வைன் இல்லாமல் முடியாது. அது கெட்டுப்போகாத, இயற்கையான முந்திரிகை ரசமாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உலகில் வைன் பழக்கமே இல்லாத பல ஊர்களுக்கு முந்திரிகைக் கொடி குருமாரோடு போய்ச் சேர்ந்ததற்கு இந்த ஒரு விதிதான் காரணம். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். அங்குள்ள பன்னீர்த் திராட்சை 1832 இல் ஒரு பிரெஞ்சுக் குரு கொண்டுவந்தது என்கிறார்கள். 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

தோலகட்டிக்குப் பக்கத்து ஊர் வசாவிளான். 1990 க்குப் பிறகு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று இந்தத் தளத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். பலாலி – அச்சுவேலி வீதியில் மூடிக்கிடந்த துண்டு 2024 நவம்பரில்தான், 34 ஆண்டுகளின் பின் திறந்தது.

ஆகவே நாங்கள் முதலில் போனது யாழ். நகருக்குக் கிட்ட, கொழும்புத்துறையில் இருக்கும் அதே சபையின் மடத்துக்கு. வெளிநாட்டுப் பயண வழிகாட்டி நூல்களில்கூட இந்த இடம் இருக்கிறது. ஆனால் அது சுற்றுலா மையம் இல்லை, செபிக்கிற இடம். சத்தமில்லாமல் போய், வைன், முந்திரிகைச் சாறு, கண்ணைப் பறிக்கிற பச்சை நெல்லி ரசம் என்று வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். மச்சாள் கேட்ட மாதிரி மேசையும் கிளாசும் இல்லை. வீட்டுக்கு வந்துதான் திறந்தோம். நல்ல இனிப்பு. கறுவாவும் கராம்பும் மூக்கில் ஏறியது. “கிறிஸ்மஸ் மாக்கெற்றில சூடாக்கித் தருவாங்களே, அது மாதிரி இருக்கு” என்றாள்.

ஏன் இந்த இனிப்பு, ஏன் வாசனைச் சரக்கு? இது கைப்பக்குவம் மட்டுமில்லை, பழத்தோடும் வெயிலோடும் சம்பந்தப்பட்டது.

முந்திரிகைச் சாற்றில் இருக்கும் சீனியை நுண்ணுயிரான மதுவம் தின்று மதுசாரமாக்குகிறது. இதுதான் நொதித்தல். ஒரு லீற்றர் சாற்றில் இருக்கும் ஏறக்குறைய 17 கிராம் சீனி, ஒரு சதவீத மதுசாரமாக மாறும். 12 சதவீதத்தில் ஒரு வைன் வேண்டுமென்றால் லீற்றருக்கு 200 கிராம் சீனி பழத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் பெரும்பாலும் நிற்பது ‘இஸ்ரேல் புளூ’ என்ற கறுப்பு இனம். சாப்பிடுகிற பழம். சாறு கூட, புளிப்பும் கூட. போதாத சீனியை வெளியில் இருந்து சேர்க்க வேண்டிவரும். வைனுக்கென்றே வளர்க்கும் இனங்களின் பழம் சின்னது, தோல் தடிப்பு, கொட்டை பெரிது. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் தோலில் இருந்து வருவதால் அந்தத் தடிப்புத்தான் அங்கே பெறுமதி.

அடுத்தது இரவு. பழம் பழுக்கிற காலத்தில் இரவு குளிர்ந்தால் புளிப்பும் மணமும் பழத்தில் தங்கும். இந்தியாவின் பெரிய வைன் பிரதேசமான நாசிக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் அங்கே நல்ல குளிர். யாழ்ப்பாணக் குடாநாடு கடலோடு ஒட்டிய தட்டை நிலம், இரவிலும் புழுக்கம். நொதிக்க வைத்த சாறும் வெப்பம் கூடினால் கெடும். 35 பாகையைத் தாண்டினால் மதுவம் சோர்ந்துபோய், வேறு கிருமிகள் பிடித்துக்கொள்ளும். இப்படியான ஊரில் பிரான்சு நாட்டு வைன் மாதிரி ஒன்றை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சீனியும் வாசனைச் சரக்கும் சேர்த்த எங்கள் வைனை மட்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பழத்துக்கும் அந்த வெயிலுக்கும் அது பொருந்துகிறது.

இரண்டாம் நாள் உரும்பிராய்க்குப் போனோம். யாழ்ப்பாணத்து முந்திரிகையை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு பந்தலுக்குக் கீழே குனிந்து நிற்க வேண்டும். வெளியே கொளுத்துகிற வெயில் உள்ளே பச்சையாகிவிடும். தலையில் குலை முட்டும். மச்சாள் எடுத்த படங்களில் நயாகராப் படங்களைவிட இதுதான் அழகு என்று எனக்குப் பட்டது. தோட்டக்கார ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பெயர் போட வேண்டாம் என்றார்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்த்துப் பூக்கும். எங்கள் ஊரில் அதை உறங்க வைக்கக் குளிர் இல்லை. விட்டால் வருடம் முழுக்க இலையும் கொடியுமாகப் போய்க்கொண்டே இருக்கும், காயாது. அதனால் கத்தரிக்கோல்தான் இங்கே பனிக்காலத்தின் வேலையைச் செய்கிறது. பழைய கொப்புகளை அளவாக வெட்டிவிட்டால் புதுத் துளிரும் அதோடு பூவும் வரும். வெட்டி மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பழம். வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கலாம். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழையில் பழம் நின்றால் வெடிக்கும், இலையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கெட்டித்தனமெல்லாம் எந்த நாளில் வெட்டுவது என்பதில்தான் இருக்கிறது. பூஞ்சணத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோக் கலவை அடிப்பார்கள். அந்த மருந்தின் பெயரே பிரான்சின் வைன் ஊரான போர்டோவில் இருந்து வந்தது. ஒரு கிளாஸ் வைன் பாராத கமக்காரனின் வாயிலும் அந்த ஊரின் பெயர் இருக்கிறது.

“வெட்டின நாளிலயிருந்து நூறு நாள் நான் எங்கையும் போகேலாது பிள்ளை” என்றார் ஐயா. “செத்தவீடெண்டாலும் போய்த் தலையைக் காட்டிட்டு ஓடி வந்திடுவன். தண்ணி, மருந்து, வௌவால். ஒண்டை விட்டாலும் போச்சு.”

1995 ஐப்பசி 30 அன்று அவரும் போக வேண்டிவந்தது. வலிகாமமே எழுந்து போன இரவு. அந்த வருடத்துக் கடைசிப் போகம் முடிந்து கொடி மழைக்கு நின்ற காலம். தைப்பொங்கலுக்குப் பிறகு வெட்ட வேண்டியது. தையில் அவர் சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தார். 1996 வைகாசியில் திரும்பி வந்தபோது பந்தல் நிலத்தில் கிடந்தது. தூண்கள் இல்லை. வெட்டாத கொடி காடாகிப் பின்னிக்கொண்டு ஒரு குலையும் இல்லாமல் நின்றது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கத் தனக்கு ஒரு கிழமை துணிவு வரவில்லை என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மச்சாளுக்கு அந்த இரவு ஆறு வயது. கோப்பாய்ப் பாலத்தடியில் மாமாவின் தோளில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

பிறகு இணுவிலில் ஒரு சொந்தக்காரரிடம் தடி வாங்கி நட்டுத்தான் இந்தப் பந்தல். நட்ட தடி காய்க்க ஒன்றரை, இரண்டு வருடம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் பாதை மூடல், 2021 இல் இரசாயன உரத்தடை, 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின் நின்றது. கொடியின் வயதைப் பார்த்தால் எங்களுடையதும் நயாகரா, நாசிக் மாதிரி ஓர் இளம் பிரதேசம்தான். எங்களுடையது திரும்பத் திரும்ப முதலாம் வருடத்துக்குப் போனதால் இளமையாக இருக்கிறது.

இனி வைனரிக் கேள்விக்கு வருகிறேன். நாசிக்கிலும் முதலில் சாப்பிடுகிற பழம்தான் விளைந்தது. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனத்தின் முதல் வைன் 2000 இல் வந்தது. 2001 இல் மகாராஷ்டிர அரசு வைன் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து வரியையும் அனுமதியையும் இலகுவாக்கியது. கமக்காரர்கள் வைன் இனங்களுக்கு மாறினார்கள், சுற்றுலாக்காரர் வந்தார்கள். இங்கே அடிப்படைச் சட்டம் இன்றும் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டுக் கோடியில் ஒரு குடம் வைன் நொதிக்க வைத்தாலும் குற்றம். கால் ஏக்கர் பந்தல்காரர் அந்த வழியால் போவார் என்று நான் நினைக்கவில்லை. அனுமதி எடுக்க வசதியுள்ள ஒருவர் கொழும்பிலிருந்து வரலாம். அப்போது ஐயா போன்றவர்கள் பழம் கொடுப்பவர்களாக மட்டும் நிற்பார்கள். கூட்டுறவு ஒரு வழி. பனை விடயத்தில் எங்களுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. கள்ளிறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்களும் திக்கம் வடிசாலையும் எப்படி ஓடின, எங்கே தடக்கின என்பதைப் படிக்காமல் முந்திரிகையில் இறங்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அம்மா ஏன் இருமினார் என்பதையும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு குடியால் குலைந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. 2024 இல் கிளிநொச்சியில் கொடுக்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் நாடாளுமன்றம் வரை போனது மறக்கிற விடயமில்லை. ‘வைன்தானே, சாராயமில்லையே’ என்ற வாதம் குடிகாரன் வீட்டுப் பெண்ணிடம் எடுபடாது. மடத்து வைனை ஊர் ஏற்றுக்கொண்டதற்கு, அது அளவாக, சத்தமில்லாமல் விற்கப்படுவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தண்ணீரும் இருக்கிறது. ஆறில்லாத ஊர். மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நின்றால்தான் கிணறு. பல தோட்டக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று குடிநீருக்கான அளவைத் தாண்டிவிட்டது. பந்தலைப் பெருக்குவதென்றால் சொட்டு நீர்ப்பாசனமும் உரக் கட்டுப்பாடும் சேர்ந்தே வர வேண்டும்.

மச்சாள் பலாலியிலிருந்து சென்னை வழியாகத் திரும்பினாள். விமான நிலையம் நெருங்க, முட்கம்பிக்கு அப்பால் பற்றை மூடிய வெளி. பற்றை இல்லாத இடத்தில் செம்மண் தெரிந்தது. “இதுவும் அதே மண்தானே?” என்று கேட்டாள். அதே மண்தான். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிகளின் உறுதிகளை வைத்துக்கொண்டு வெளியில் இருப்பவர்களில் சிலர் பந்தல் போட்டிருந்த குடும்பங்கள்.

பார்க்கப் போக விரும்புகிறவர்களுக்கு: கார்த்திகை, மார்கழியில் போய்ப் பயனில்லை, கொடிதான் இருக்கும். உரும்பிராய், கோப்பாய், இணுவில் பக்கம் வீதியோரம் குலை தொங்கினால் பின்னால் தோட்டம் இருக்கும். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டால் சந்தோசப்படுவார்கள். கொழும்புத்துறை மடத்துக்குப் பகலில், தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். போத்தலை விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். ஐயா பொங்கல் முடிந்த கையோடு வெட்டப் போகிறார். சித்திரை கடைசியில் வரச் சொன்னார், பை கொண்டுவரச் சொன்னார்.