தகரக் கொட்டகையின் அனலைத் தணிக்கும் தென்னை நார்

ஆண்டுதோறும் கீற்று மாற்றும் செலவுக்கு அஞ்சி, மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் வேய்ந்த விவசாயிகள் பலருண்டு. மழைக்கு அது நல்லதே. ஆனால் கத்திரி வெயிலில் அதே கொட்டகையில் கலப்பினப் பசு தீவனம் எடுக்காமல் மூச்சிரைத்து நிற்கிறது, பாலும் குறைகிறது. இதற்குக் காற்றின் சூடு மட்டும் காரணமன்று. காய்ந்த தகரத்தின் அடிப்பக்கத்திலிருந்து அனல் நேராக மாட்டின் முதுகில் இறங்குகிறது. கோழிகளின் நிலை இதனினும் மோசம். அவற்றுக்கு வியர்வைச் சுரப்பிகளே கிடையாது.

கீற்று குளிர்ச்சி தந்தது எதனால்? ஓலையைவிட, ஓலைகளினிடையே அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றே சூட்டை அதிகம் தடுக்கிறது. தென்னை நாரில் இந்த வசதி இருவகையில் உண்டு. நார்களுக்கிடையே காற்று நிற்கும். ஒவ்வொரு நாருக்குள்ளும் நுண்துளைகள் உள்ளன.

ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தென்னை நார்க் கழிவுடன் சிமெண்ட் சேர்த்து நெளிவுக் கூரைத் தகடு செய்யும் முறையை உருவாக்கியது. இத்தகைய கலவையில் சிமெண்ட் கூடினால் பலம் கூடும். ஆனால் காற்று இருந்த இடத்தைச் சிமெண்ட் பிடித்துக்கொள்வதால் சூடும் எளிதாக இறங்கும். வெறும் நாரோ எளிதில் தீப்பிடிக்கும். எலியும் கூடு கட்டும். எனவே பலத்தைத் தகரத்திடம் விட்டுவிட்டு, அதன் அடியில் நார்த் தட்டி அமைப்பதே சிறு விவசாயிக்கு ஏற்றது.

மூங்கில் தப்பைகளை ஒரு சாண் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, உலர்ந்த நாரை 2 அங்குல கனத்துக்குப் பரப்பி, மேலே இன்னொரு வரிசைத் தப்பையால் இறுக்கிக் கட்டவும். மிக நெருக்கி அமுக்கினால் காற்று வெளியேறிவிடும். களிமண்ணுடன் நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்து, இருபுறமும் மெல்லிய பூச்சாகப் பூசவும். வைக்கோல் வெடிப்பைக் குறைக்கும். மண் தீ பரவுவதைத் தாமதப்படுத்தும். தட்டியைத் தரையிலேயே செய்து, நன்கு உலர்த்திய பின்னரே தகரத்துக்கு 4 அங்குலம் கீழே சட்டங்களில் கட்ட வேண்டும். இடைவெளியின் இரு முனைகளும் திறந்திருந்தால் சூடான காற்று வெளியேறும். மின்கம்பி தட்டியைத் தொடலாகாது.

தட்டிக்கு முதல் எதிரி ஒழுக்கு. அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் எளிதாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த நாரால் பயனில்லை, பூஞ்சணமும் பிடிக்கும். ஆகையால் ஆணித் துளைகளைத் தார் வைத்து அடைத்த பிறகே தட்டி கட்டுதல் வேண்டும். கல்நார்க் கூரையானால் அதில் துளையிடவோ அறுக்கவோ கூடாது. அத்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு.

தட்டி கட்ட இயலாதவர்கள் கூரையின் மேல் வெள்ளை அடித்தாலும் ஓரளவு பலனுண்டு. தட்டி கட்டியவர்களும் இதை விடக்கூடாது. மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடுமாதலால் பங்குனியில் மறுபடியும் அடிக்க வேண்டும்.