முதியோர் இல்லங்களில் ஆள்மைய அன்றாடச் செயல்பாடுகள்: குமரி மாவட்டத் தொழில் மரபை முன்வைத்து

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காட்டினர். மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், வறிய முதியோர் 150 பேரேனும் தங்கும் அளவில் மாநில அரசுகள் அமைப்பதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் வழிவகுக்கிறது. உணவும் உறைவிடமும் கிடைத்த பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது: இல்லத்தில் முதியவரின் பகற்பொழுது யாருடையது?

ஆள்மைய நோக்கு

பலரை ஒருங்கே பராமரிக்கும் இடத்தில் கால அட்டவணை ஆட்சி செய்வது இயல்பு. உண்பதும் குளிப்பதும் உறங்குவதும் அனைவர்க்கும் ஒரே நேரம். எஞ்சிய பொழுதுக்குத் தொலைக்காட்சி. டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில் மறதிநோயுற்றோரின் உளத்தேவைகளாக ஆறுதல், பிணைப்பு, சேர்ந்திருத்தல், ஈடுபடும் செயல், அடையாளம் ஆகியவற்றைச் சுட்டினார். இவற்றுள் செயலும் அடையாளமும், உழைத்து வாழ்ந்தோரைப் பொறுத்தவரை, பிரிக்க இயலாதவை. அண்மை நிகழ்வுகளை மறந்தோரிடமும் கைப்பழக்கம் சார்ந்த நினைவு நெடுங்காலம் நிலைத்திருப்பதுண்டு.

குமரி மாவட்டச் சூழல்

தோவாளையில் பூத்தொடுத்தவர், கதம்பையிலிருந்து கயிறு திரித்தவர், பனையோலைப் பெட்டி முடைந்தவர், வயலில் நாற்று நட்டவர், கடலில் வலை வீசியவர் எனக் குமரி முதியோரின் வாழ்க்கை வரலாறுகள் பலவகையின. விடியுமுன் கடலுக்குச் சென்று பழகிய ஒருவர் பின்னிரவில் விழித்தெழுந்தால், இல்லம் அதனைத் தூக்கக் கோளாறு எனப் பதியக்கூடும்; அவருக்கோ அது தொழிற்பழக்கம். 1956 நவம்பர் 1இல் தமிழகத்துடன் இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்தது. ஆகவே மலையாளவழிப் பள்ளிக்கல்வி பெற்ற மூத்தோர்க்குத் தமிழ் நாளிதழ் மட்டும் வழங்குவது போதாது.

தேர்வுரிமை

எனினும், பழைய தொழிலையே மீண்டும் தருவது ஆள்மையம் ஆகிவிடாது. கயிறு திரித்துக் கைகாய்த்த ஒருவருக்கு அது வறுமையின் நினைவாகவும் இருக்கலாம். அவர் விரும்புவது வில்லுப்பாட்டுக் கேட்பதாகவோ, வெறுமனே திண்ணையில் அமர்வதாகவோ இருக்கலாம். எனவே சேர்க்கையின்போதே தொழில், மொழி, வழிபாடு, துயிலெழும் நேரம், விருப்பு வெறுப்பு ஆகியவற்றை முதியவரிடமும் உறவினரிடமும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். மறுக்கும் உரிமையும் அப்பதிவில் இடம்பெறல் வேண்டும்.

முடிவுரை

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு கூடைப் பூ, சிறிது நார், கேட்கும் செவி ஆகியவை போதும். பணியாளர் பற்றாக்குறையே உண்மையான தடை. பூத்தொடுக்கும் மூதாட்டியின் அருகில் ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்திருப்பதும் பராமரிப்புப் பணியே எனக் கணக்கில் கொள்ளப்படும்போதுதான், இல்லத்தின் பகற்பொழுது அங்கு வாழ்வோர்க்கு உரியதாகும்.