கண்டம் ஆன ஜீப்பும் கோடிக்குப் போன காரும்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வயதானவர்களிடம், ‘அமெரிக்கக்காரன் வண்டி எதையாவது பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அதிகாரி வரும் ஜீப்பைப் பார்த்ததில்லையா?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். அதைப் பார்க்காதவர் யார்? 1960களில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்த பிறகு கிராமத்துக்குள் அரசாங்கம் வந்ததே ஜீப்பில்தான். சேர்மன் வந்தாலும் ஜீப், மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தாலும் ஜீப். தேர்தல் வந்துவிட்டால் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு புழுதியைக் கிளப்பும். வீசுகிற நோட்டீஸைப் பொறுக்கப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும்.

அந்த வண்டியின் பூர்வீகம் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ. இரண்டாம் உலகப்போருக்காக வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. ஒரு ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் கொடுத்த விலை சுமார் 740 டாலர். பர்மா போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்தவற்றில் பல திரும்பிப் போகாமல் இங்கேயே ஏலத்தில் கைமாறின. 1940களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே தயாரிக்கவும் செய்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்த வண்டிகளும் உண்டு. அவற்றின் முதுகில் ‘லெஃப்ட் ஹாண்ட் டிரைவ்’ என்று எழுதியிருக்கும். நம் சாலைக்குப் பொருந்தாத அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செஞ்சி ரோட்டில் லாரியை முந்திய டிரைவர்களுக்கு ஒரு தனி கெத்து இருந்தது.

ஜீப்புக்கு முன்பே வந்தது பிளசர். ஊர்ப்புறத்தில் காருக்கு அதுதான் பெயர். 1926-ல் ஃபோர்டு இந்தியாவில் தனிக் கம்பெனி தொடங்கியது. 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் கார் பூட்டும் ஆலை வைத்தது. வலது பக்க ஸ்டியரிங் வேண்டுமே, அதனால் இங்கே வந்த ஃபோர்டு கார்களில் பெரும்பாலானவை கனடாவிலிருந்து வந்தவை. மிராசுதார், மில் முதலாளி, பெரிய டாக்டர் வீட்டு வாசல்களில் ஃபோர்டும் செவர்லேயும் பியூக்கும் நின்றன. சுதந்திரத்துக்குப் பிறகு பம்பாய் பிரீமியர் ஆலையிலிருந்து டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் சவாய் வந்தன. முழுக்கப் பாகங்களை இறக்கிப் பூட்டிக்கொண்டே இருந்தால் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-ல் அரசு கறார் காட்டியதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அதற்குப் பிறகு படகு போல் நீண்ட இம்பாலா வேண்டுமென்றால், தூதரகக்காரர்கள் விட்டுப்போன காரை அரசு வணிகக் கழகம் விற்கும்போது கேட்டு வாங்க வேண்டும். சினிமாக்காரர்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் தவிர வேறு யாருக்கு அது கட்டுப்படியாகும்?

அந்தக் காலத்தில் ஏலம் என்பது ஒரு வண்டிக்கு இழவு வீடு. ஆபீஸ் ஜீப் இனி உதவாது, கண்டம் ஆகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். புளியமரத்தடியில் டயர் காற்றிறங்கி, பேட்டரி காணாமல் போய், இருக்கையில் கோழி முட்டையிட்ட பிறகு ஏல அறிவிப்பு ஒட்டுவார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கேட்பவரில் பாதிப்பேர் காயலான் கடைக்காரர்கள். இரும்பு என்ன எடை தேறும் என்பதுதான் அவர்கள் கணக்கு. மீதிப்பேர் பட்டறைக்காரர்கள். அவர்களும் பாகம் கழற்றத்தான் வாங்குவார்கள். ஓட்டுவதற்கென்று வாங்குகிறவர் ஒருவர் வந்தால் அதிசயம்.

அப்படி வாங்கியவர் முதலில் செய்கிற காரியம் பெட்ரோல் என்ஜினை இறக்குவது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கியதும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் நாலு மடங்கானது. பெட்ரோலை அண்டாவாகக் குடிக்கும் அமெரிக்க என்ஜினை யார் கட்டி அழுவது? சென்னை செம்பியத்தில் சிம்சன் தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின் ஜீப்பிலும் ஏறியது, டாட்ஜிலும் பிளிமத்திலும் ஏறியது. பிறகு கியர் பெட்டி மாறும். பின்பக்கத்தை நீட்டி எதிரெதிராகப் பலகை போட்டால், ஜவ்வாது மலைப் பாதையில் ஆளும் மூட்டையுமாக எத்தனை ஏறினாலும் இழுக்கும். அதற்கும் உழைத்துத் தேய்ந்துவிட்டால் அச்சும் சக்கரமும் டயர் மாட்டு வண்டிக்குப் போகும். டெட்ராய்ட்டில் செய்த ஆக்சில் கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியின் கீழே உருண்டிருக்கிறது என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு பொருளை அதன் கடைசி உயிர் வரைக்கும் வேலை வாங்குவதில் நம் பட்டறைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

இப்போது அமெரிக்கா பக்கம் பாருங்கள். 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1935-ஆம் ஆண்டு டியூசன்பெர்க் எஸ்எஸ்ஜே ஒன்று 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் 150 கோடி ரூபாய்க்கு மேல். நடிகர் கேரி கூப்பர் ஓட்டிய கார் அது. அந்த ரகத்தில் செய்ததே இரண்டுதான், இன்னொன்று கிளார்க் கேபிளிடம் போனது. 1971-ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா ஒன்று, திறந்த கூரை உள்ளது, 2014-ல் 35 லட்சம் டாலருக்கு விலைபோனது. நம் ஊரில் டீசல் என்ஜின் போட்டு வாடகைக்கு ஓட்டிய அதே பிளிமத் பெயர்தான்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த கதை, 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய பச்சை முஸ்டாங். ஒரு சாதாரணக் குடும்பம் அதை 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்தது அதில்தான். மெக்குயினே பிறகு கடிதம் எழுதி விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. பெயிண்ட் அடிக்கவில்லை, பட்டி பார்க்கவில்லை. படப்பிடிப்புக்காகச் செய்த மாற்றங்கள்கூட அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் புளோரிடா மாநிலத்துக் கிஸ்ஸிமீயில் அது ஏலம் போன விலை, கமிஷனோடு 37 லட்சம் டாலருக்கு மேல்.

பாலிஷ் போட்டதற்கு விலை இல்லை, தொடாமல் விட்டதற்குத்தான் விலை. கூடவே மெக்குயினின் கடிதம் வீட்டில் பத்திரமாக இருந்தது. வண்டி பாதி, காகிதம் பாதி.

நம்மிடம் இல்லாமல் போனது இந்த இரண்டும்தான். அதற்காக நம் ஆட்களை ஏமாளிகள் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிவிட்டு நிறுத்தி வைக்க அந்தக் குடும்பத்துக்கு முடிந்தது. இங்கே வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் நின்றது. என்ஜினை மாற்றியவர் பிழைப்பைப் பார்த்தார். அவர் செய்ததுதான் அன்றைக்குச் சரி.

விலை எல்லாவற்றுக்கும் ஏறுகிறது என்று நினைக்கவும் வேண்டாம். ஒன்றரைக் கோடி ஓடிய ஃபோர்டு மாடல் டி-க்கு அமெரிக்காவிலேயே முன்போல் போட்டியில்லை. அதன் மேல் ஆசைப்பட்ட தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. இருபது வயதில் வாங்க முடியாமல் ஏங்கிய வண்டியைத்தான் மனிதன் ஐம்பது வயதில் பணம் வந்ததும் தேடுகிறான். நம் பக்கம் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு இன்று நடக்கிற அடிதடி அதுதான். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன பைக், புதிதாக விற்றபோது இருந்த விலையைப் போல் பல மடங்குக்குக் கைமாறுகிறது.

ஜீப்புக்கும் அந்த யோகம் வந்துவிட்டது. ‘லோ பானட்’ என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறார்கள். போர்க்கால வண்டிக்குப் பானட் தாழ்வாக இருக்கும். 1953 முதல் வந்த சிஜே3பி-யில் என்ஜின் உயரம் கூடியதால் பானட்டும் எழும்பிவிட்டது. ஃபோர்டு செய்ததா என்று பார்க்க போல்ட்டின் தலையில் ‘எஃப்’ எழுத்தைத் தேடுகிறார்கள். பழைய பெட்ரோல் என்ஜின் எங்காவது கொட்டகையில் கிடக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். நாம் இறக்கி எறிந்த அதே என்ஜின்! ஒரிஜினல் இல்லாத வண்டிக்குப் புது பானட்டும் புது கிரில்லும் மாட்டி வில்லிஸ் என்று தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். புதுப் பணத்தோடு வருகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

சட்டமும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, 50 வயது கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனத்தை, சேசிஸும் பாடியும் என்ஜினும் பெரிதாக மாறாமல் இருந்தால், விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘விஏ’ வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் அதில் தினம் கடலை ஏற்ற முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுத்துப் போகலாம், அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் வந்த ஜீப்புகள் இந்த வயதைத் தொட்டுவிட்டன.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று வைக்கோலுக்குக் கீழே கிடக்கலாம். அதை உடனே பட்டி பார்த்துச் சிவப்பு பெயிண்ட் அடிக்காதீர்கள். முதலில் ஆர்சி புக், ஏல ரசீது, பழைய வரிச்சீட்டு எதுவாக இருந்தாலும் தேடி எடுத்து ஒரு உறையில் போட்டு வையுங்கள். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இறக்கிப் போட்ட என்ஜின் மூலையில் இருந்தால் அதையும் விற்காதீர்கள். காயலான் கடைக்காரர் வந்தால் அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்புங்கள்.