பள்ளிக்கூடம் பூட்டிய நாளில் பெற்றார் செய்யத் தக்கது

பிள்ளையைப் பெற்றவருக்குக் கவலை புதியதன்று. தவழும் பருவத்திற் காய்ச்சலைப் பற்றிய கவலை. பள்ளி செல்லும் பருவத்திற் படிப்பைப் பற்றிய கவலை. ஆயினும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதந் தொடங்கி ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம் நமது பெற்றாரை வாட்டியது இவ்விரண்டும் ஒருங்கே சேர்ந்த கவலையாகும். பாடசாலைக்கு அனுப்பினால் நோய் பற்றுமோ என்ற அச்சம். வீட்டில் வைத்திருந்தால் கற்றதும் மறந்துபோகுமோ என்ற ஏக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று தவித்த தாய் தந்தையர் இலங்கையின் எல்லா மூலைகளிலும் இருந்தனர். அவர்களுள் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் வாழ்வோர் பட்ட பாட்டை இங்கு எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய அனுபவம் யாவர்க்கும் பயன்படத் தக்கது.

முதலில் முடங்கிய மாவட்டம்

கொவிட்-19 என்னும் கொள்ளை நோய் காரணமாகப் பாடசாலைகளை மூடுவதென்ற முடிவை அரசாங்கம் 2020 மார்ச் 12ஆந் திகதி அறிவித்தது. மறுநாளே நாடெங்கும் வகுப்பறைகள் பூட்டப்பட்டன. புத்தளம் மாவட்டத்தார்க்கோ அடுத்த இடி மற்றையோரிலும் முந்தி விழுந்தது. சிலாபம், வென்னப்புவை ஆகிய பகுதிகளிலிருந்து இத்தாலிக்குத் தொழில் தேடிச் சென்றோர் பலர். அந்நாட்டில் நோய் கடுமையாகப் பரவியபோது அவர்களிற் பலர் ஊர் திரும்பினர். அவர்கள் வழியாகத் தொற்றுப் பரவக்கூடும் என்ற அச்சத்தினால், மார்ச் 18ஆந் திகதி மாலையே புத்தளம் மாவட்டத்திலும் கொச்சிக்கடைப் பொலிஸ் பிரிவிலும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் அது வந்தது இரண்டு நாள் கழித்தேயாம்.

சித்திரை வருடப் பிறப்புக் கழிந்ததும் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்றே அன்று பெற்றார் எண்ணியிருந்தனர். நடந்தது வேறு. 2020 ஜூலையிற் படிப்படியாகத் திறந்தார்கள். சில நாளிலேயே மீண்டும் மூடினார்கள். ஓகஸ்டிலே திறந்து ஒக்டோபர் முதல் வாரத்தில் மறுபடியும் மூடினார்கள். 2021 ஏப்ரல் இறுதியில் மூடிய கதவுகள் அவ்வாண்டு ஒக்டோபர் பிற்பகுதியிலேதான், அதுவும் ஆரம்ப வகுப்புகளுக்கு மாத்திரம் முதலில், திறக்கத் தொடங்கின. டிசம்பரில் நடைபெற வேண்டிய 2020ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று. 2021ஆம் ஆண்டு ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையைப் பிள்ளைகள் 2022 ஜனவரி 22ஆந் திகதியே எழுதினர். திகதி தெரியாத பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தஞ் செய்வது எவ்வளவு பெருஞ் சுமை என்பதை அதனைச் சுமந்த தாய்மாரே அறிவர்.

ஒரு வீடு, ஒரு கைத்தொலைபேசி

பாடசாலை மூடினாலும் பாடம் நிற்கவில்லை என்று சொல்லப்பட்டது. ஆசிரியர்கள் வட்ஸ்அப் வழியாகப் பயிற்சிகளை அனுப்பினர். சூம் வழியாக வகுப்பு நடத்தினர். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. ரூபவாஹினியின் நேத்ரா அலைவரிசையிலே தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. இவை யாவும் நன்முயற்சிகளே. ஆனால், நாட்டில் ஏறக்குறைய ஐந்து வீடுகளுக்கு ஒரு வீட்டிலேதான் கணினி இருந்த காலம் அது. ஏனைய வீடுகளிற் கைத்தொலைபேசியே கரும்பலகையாயிற்று.

உடப்பிற் கரைவலை இழுப்போர், கற்பிட்டியில் வெங்காயமும் பீற்றூட்டும் பயிரிடுவோர், புத்தளத்து உப்பளங்களிற் கூலி வேலை செய்வோர் ஆகிய குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒரே திறன்பேசி தந்தையோடு தொழிலுக்குச் சென்றுவிடும். அது திரும்பி வரும்போது மூத்தவனுக்கும் நடுவிலாளுக்கும் இளையவனுக்கும் யார் முதலிற் பார்ப்பதென்ற வழக்குத் தொடங்கும். கற்பிட்டிக் கடலேரியின் தீவுகளுக்குப் படகிலன்றிப் போக வழியில்லை. அலைவரிசை கிடைக்காத துன்பம் மலைநாட்டிலும் இருந்தது. பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவையிற் பிள்ளைகள் பாறைமேலும் மரத்தின்மேலும் ஏறி நின்று பாடங்களைப் பெற்ற செய்தியை உலகமே படித்தது.

வருமானமும் அதே வேளையில் விழுந்தது. 2020 ஒக்டோபரிற் பேலியகொடை மீன் சந்தையிலே தொற்றுக் கண்டு அது மூடப்பட்டதும், மீன் வாங்கவே மக்கள் அஞ்சினர். வலை நிறைய மீன் பட்டும் விலையில்லாத நாளில், ‘ரீலோட் போடக் காசு தாருங்கள் அப்பா’ என்று கேட்கும் பிள்ளைக்குத் தந்தை என்ன விடை சொல்வார்? 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்று விலகி நின்றன. அப்போது அந்தச் சிறு வழியும் பலர்க்கு அடைபட்டது.

முன்னரும் கண்ட இடர்

பள்ளிப் படிப்பு முறிவது இக்கடற்கரைக்குப் புதிய அனுபவமன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மிகப் பெரும்பாலோர் வந்து ஒதுங்கியது புத்தளத்திலும் கற்பிட்டியிலுமேயாம். கையில் எடுத்துவந்த பொருள் அற்பம். பிள்ளைகளின் பாடநூலும் பள்ளிச் சான்றிதழும் பின்னே கிடந்தன. ஓலைக் கொட்டிலிற் குடியிருந்த அப்பெற்றார், பிள்ளையின் படிப்பை மட்டும் கைவிட மறுத்தனர். காலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் மாலையில் அகதிப் பிள்ளைகளுக்குமாக ஒரே கட்டடத்தில் இரு நேரம் வகுப்பு நடந்த பாடசாலைகள் உண்டு. அவ்வாறு கற்றோருள் இன்று ஆசிரியராகவும் பட்டதாரிகளாகவும் விளங்குவோர் பலர்.

பிற நாட்டாரும் இத்துன்பத்தைக் கண்டவர்களே. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பாடசாலைகளைத் திறப்பதை ஒத்திவைத்து, வானொலி மூலம் பாடம் நடத்தினர். அன்றன்றைய பாட விவரத்தைப் பத்திரிகைகள் அச்சிட்டன. பெற்றாரின் ஐயங்களுக்கு விடை கூற ஆசிரியர் சிலரைத் தொலைபேசியருகே அமர்த்தினர். வானொலி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வதென்ற கேள்வி அங்கும் எழுந்தது. கருவி மாறினாலும் கவலை மாறவில்லை.

தாயின் கையிலுள்ள மருந்து

‘நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், இந்தக் காலத்துப் பாடத்தை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?’ என்பதே எங்கும் தாய்மார் வாயிற் கேட்ட சொல். இதற்கு விடையாக அமையும் ஓர் ஆராய்ச்சியைப் பெற்றார் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

2005 ஒக்டோபரிற் பாகிஸ்தானின் வடபகுதியைப் பெரும் பூகம்பம் தாக்கியது. பாடசாலைகள் சராசரி 14 வாரம் மூடிக் கிடந்தன. நான்கு ஆண்டு கழித்து ஆராய்ச்சியாளர் சென்று பிள்ளைகளைச் சோதித்தனர். பூகம்பப் பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள் தம் ஒத்த வயதினரைவிட ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு அளவுக்குப் படிப்பிற் பின்தங்கியிருந்தனர். மூடியதோ மூன்று மாதம். இழந்ததோ அதனினும் பன்மடங்கு. மீண்டும் திறந்தபோது விட்ட இடத்தைக் கவனியாது பாடத்திட்டத்தின்படி வகுப்பு முன்னே ஓடியமையே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால், தாய் ஆரம்பக் கல்வியையேனும் முடித்திருந்த வீடுகளில் இந்தப் பின்னடைவே காணப்படவில்லை! அத்தாய்மார் பட்டம் பெற்றவரல்லர். ஐந்தாம் வகுப்பு அளவிற் படித்தவர்களே.

ஆபிரிக்காவின் பொட்சுவானா நாட்டில் 2020இல் நடந்த மற்றொரு பரிசோதனையும் இதனையே வலியுறுத்துகின்றது. அங்கு ஏறக்குறைய 4,500 குடும்பங்களைத் தேர்ந்து, அவற்றுட் சிலவற்றுக்கு வாரந்தோறும் சாதாரணக் கைத்தொலைபேசியிற் சிறிய கணக்குகளை அனுப்பினர். வேறு சிலவற்றுக்குக் கணக்கையும் அனுப்பி, ஆசிரியர் ஒருவர் பெற்றாரோடும் பிள்ளையோடும் சுமார் இருபது நிமிடம் பேசவும் செய்தார். கணக்கு மட்டும் சென்ற வீடுகளிற் பலன் சிறிதே. பேச்சும் சேர்ந்த வீடுகளிற் பிள்ளைகள் கணிதத்தில் முன்னேறினர். விலையுயர்ந்த கருவியினும், பிள்ளையின் அருகே அமரும் மனிதரே வேண்டியவர் என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் நடத்தக்கூடிய வகுப்பு

ஆகவே பெற்றார் செய்யத் தக்கவை சில உண்டு. முதலாவது, நாளுக்கு ஒரு மணித்தியாலத்தை நிலையாக ஒதுக்குதல். தந்தை கடலுக்குப் போகும் நேரம், சமையல் நேரம் ஆகியவற்றைப் பார்த்து அந்த வேளையைக் குறித்துக்கொள்க. நாளுக்கு நாள் மாறும் மூன்று மணித்தியாலத்திலும், மாறாத ஒரு மணித்தியாலம் மேலானது.

இரண்டாவது, அரசாங்கம் 1980 முதல் இலவசமாக வழங்கிவரும் பாடநூல். அலைவரிசை இல்லாத வீட்டிலும் அது உண்டு. பிள்ளையை உரத்து வாசிக்கச் சொல்லித் தாய் கேட்டிருக்கட்டும். வாசிக்கத் தெரியாத தாயும், ‘இன்று படித்ததை எனக்குக் கதையாகச் சொல்’ என்று கேட்கலாம். சொல்ல முயலும் பிள்ளைக்குத் தனக்கு விளங்காத இடம் தானே புலப்படும்.

மூன்றாவது, வீட்டுத் தொழிலையே கணக்குப் பாடமாக்குதல். பட்ட மீனின் நிறை, கிலோ விலை, சம்மாட்டியார்க்கும் வலை இழுத்தோர்க்கும் உரிய பங்கு ஆகியவற்றைப் பிள்ளை கொப்பியில் எழுதிக் கணக்கிடட்டும். வாய்ப்பாட்டை விரும்பாத சிறுவனும் அப்பாவின் பங்கைக் கணக்கிட மறுக்கமாட்டான்.

நான்காவது, மூத்த பிள்ளை இளையதற்குக் கற்பித்தல். கற்பிப்பவருக்கே அதில் இலாபம் அதிகம். ஆயின், மூத்தது பெண்பிள்ளையானால் அடுப்படி வேலையும் தம்பி தங்கையர் பராமரிப்பும் அவள் தலையிலே முழுவதும் விழாதபடி தாய் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் ஒரு மணித்தியாலம் உரியது.

ஐந்தாவது, வகுப்பாசிரியரோடு தொடர்பை அறுக்காதிருத்தல். வாரத்துக்கு ஒருமுறை சாதாரண அழைப்பொன்று எடுத்து, ‘எந்த இடத்திற் பிள்ளை தடுமாறுகிறது?’ என்று கேட்டாற் போதும். தெரியவில்லையே என்று பிள்ளையை அடிப்பதாற் புத்தகத்தின்மேல் வெறுப்பு வளருமேயன்றி அறிவு வளராது.

எல்லாவற்றிலும் பெரிய கவலை

பாடம் பிந்தினாற் பிடித்துக்கொள்ளலாம். பள்ளிக்கே திரும்பாத பிள்ளையை மீட்பதுதான் அரிது. 2020 ஏப்ரலில் உலகிற் சுமார் 150 கோடி மாணவர்க்குப் பாடசாலைக் கதவு மூடியிருந்தது என யுனெஸ்கோ கணக்கிட்டது. அத்தனை பேரும் திரும்பி வருவார்களா என்பதே அறிஞர்களின் முதற் கேள்வியாயிருந்தது.

கரையோரத்தில் இந்த ஆபத்து நம் கண்முன்னே உள்ளது. பதினான்கு வயதுப் பையன் வீட்டிலே சும்மா இருக்கின்றான். படகுக்கு ஓர் ஆள் குறைகின்றது. ‘பள்ளி திறக்கும் வரைதானே’ என்று அழைத்துச் செல்வர். கையிற் காசு புழங்கிய பையனுக்குப் பின்னர் வாங்குப் பலகை கசக்கும். பெண்பிள்ளைக்கோ கலியாணப் பேச்சுத் தொடங்கிவிடும். பிள்ளைகள் 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயம் கல்வி பெற வேண்டும் என்பது 2016 முதல் இந்நாட்டு விதி. பள்ளிக்கூடம் பூட்டியிருப்பதால் அவ்விதி மாறிவிடுவதில்லை. கடல் எங்கும் போய்விடாது. பதினாறு வயதின் பின்னும் அது அங்கேயே இருக்கும். படிப்புக்குரிய பருவமோ திரும்பி வருவதன்று.

இவையெல்லாம் முடிந்துபோன கதையென்று எண்ணி இருந்துவிடலாகாது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தபோது நாடெங்கும் மீண்டும் மூடப்பட்டு, டிசம்பர் நடுப்பகுதியிலேதான் திறக்கத் தொடங்கின. நோயோ வெள்ளமோ வேறெதுவோ, இன்னொரு நாள் கதவு பூட்டப்படலாம். அந்த நாள் வரும்வரை காத்திராமல், பள்ளிக்கூடம் திறந்திருக்கும் இந்நாளிலேயே, பிள்ளையோடு அமரும் அந்த ஒரு மணித்தியாலத்தை வீட்டு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மகளை ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் நிறுத்தாது படிக்க வையுங்கள். நாளைக்கு அவள் பெறும் பிள்ளைக்கும் அதுவே காவல். பெற்றார் இதனை மனத்திற் கொள்வாராக.